மூன்று வரி இடம்

1986 அக்டோபர் 3, வெள்ளி
152/94.
தினமும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். எண் மட்டும் போதும் என்றார். முப்பத்து மூன்று வருடம் செய்தி எழுதிய கை, எண்ணோடு நிற்கவில்லை.

இன்று முதல் எனக்குப் பண்பாட்டுப் பிரிவு. நீதிமன்றம், துறைமுகம், சிறைச்சாலை எல்லாம் இளையவர்களுக்குப் போய்விட்டன. பிரிவுத் தலைவர் பாபா என்னைவிடப் பதினான்கு வயது சிறியவர். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்க உடம்புக்கு ஏத்த வேலைதான், ஹிரோசேசான். கவிதை யாரையும் கொல்லாது" என்றார், என் பெயரோடு மரியாதைக்குச் 'சான்' சேர்த்து.

வேலை இரண்டு. ஒன்று, ஞாயிறு கவிதைப் பகுதி. வாசகர்கள் அஞ்சலட்டையில் ஐந்து வரிக் கவிதை எழுதி அனுப்புகிறார்கள், வாரம் நானூறு அட்டைக்குக் குறையாமல். செவ்வாய்தோறும் அந்த அட்டைக் கட்டோடு நான் பெண் கவிஞர் கனோ ஷிகேயின் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் பத்துக் கவிதைகளைத் தேர்ந்தெடுத்து, முதலிடத்துக்கு மூன்று வரியில் கருத்துரை எழுதுவார். இருபத்தாறு ஆண்டுகளாக அவர்தான் செய்கிறார்.

இரண்டாவது வேலை, அவருடைய இரங்கல் குறிப்பை முன்கூட்டியே எழுதி வைப்பது. அறுபது வரி. கவிஞருக்கு வயது எண்பத்து மூன்று.

அக்டோபர் 7, செவ்வாய்
148/92. மேட்டுத் தெரு. நூற்றுப் பன்னிரண்டு படிகள். இரண்டு முறை நின்றேன்.

கனோ ஷிகே தனியாக வசிக்கிறார். குள்ளமான உருவம், கண்ணாடி இல்லை. நான் வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே உள்ளிருந்து குரல் வந்தது: "இவ்வளவு நேரமா? போலீஸ் ஸ்டேஷன்லயும் இப்படித்தான் நிப்பீங்களா?" நான் எங்கிருந்து வருகிறேன் என்பதைப் பாபா சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் அவரைச் சென்செய் என்று அழைக்கிறார்கள், ஆசிரியரை அழைப்பது போல. நானும் அப்படியே அழைத்தேன்.

தேர்வு செய்யும் முறையைக் குறித்துக்கொண்டேன். பாயில் மூன்று குவியல். ஒவ்வொரு அட்டையிலும் கவிதையை ஒட்டி அனுப்பியவரின் பெயர் இருக்கும். முதலில் ஒரு மூங்கில் அடிக்கோலை எடுத்துப் பெயரின் மேல் வைத்து மறைக்கிறார். பிறகுதான் படிக்கிறார். நானூற்றுப் பதினேழு அட்டைக்கும் அடிக்கோல் விழுந்தது. மூன்று மணி நேரம். இடையில் ஒரு சீமைப் பனிச்சைப் பழத்தை எனக்கு நறுக்கிக் கொடுத்தார்.

கிளம்பும்போது கேட்டார்.
"ஹிரோசே ஃபுமின்னு ஒருத்தங்க எழுதிக்கிட்டிருந்தாங்க. உங்களுக்கு உறவா?"
"என் மனைவி."
"எழுபத்தொன்பதுல ஒரு தடவை எட்டாவது இடம் குடுத்தேன். சட்டை தோய்க்கிற கவிதை. ரெண்டு வருஷமா அட்டையைக் காணோம்."
"ஆமாம்" என்றேன்.
ஃபுமி இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்று சொல்லவில்லை. இறங்கும்போது படிகளில் நிற்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்
150/94. முந்நூற்று எண்பத்தொன்பது அட்டை.

பிறந்த தேதி, பள்ளி, வேலை பார்த்த இடம் எல்லாம் கேட்டேன். பதில் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.
"என் சாவுச் செய்தியா?"
பொய் சொல்லவில்லை.
"எத்தனை வரி?"
"அறுபது."
"அதிகம். நாற்பதுல முடிக்கலாம்."

இதுவரை சேர்ந்தவை: 1903இல் பிறப்பு. பதினேழு வயதில் இந்த ஊர்த் தொலைபேசி நிலையத்தில் வேலை. தலையில் காதுக்கருவி மாட்டி, செருகிகளை மாற்றிச் சொருகி அழைப்புகளை இணைக்கும் வேலை, இருபத்திரண்டு வருடம். திருமணம் ஒன்று, நான்கு ஆண்டு. ஒரு மகள், இரண்டு வயதில் இறந்தாள். முதல் தொகுப்பு 1929இல். பழைய பகட்டான நடையை விட்டு, வேலைக்குப் போகும் பெண் பேசும் மொழியில் காதலையும் குளிரையும் எழுதியவர் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன.

"முதல் தொகுப்புல எத்தனை கவிதைன்னு போடுவீங்க?" என்று கேட்டார்.
"இருநூற்றுப் பதிமூன்று. எங்க பத்திரிகையோட அன்றைய மதிப்புரையில இருக்கு."
தேநீர் ஊற்றினார். கோப்பை நிறைந்த பிறகும் ஒரு கணம் ஊற்றிக்கொண்டிருந்தார். மேசையைத் துடைத்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்
149/93. முதல் பனி.
நூலகத்தில் கனோவின் முழுத்தொகுதியை எண்ணிப் பார்த்தேன். முதல் தொகுப்பு என்ற தலைப்பின் கீழ் இருநூற்றுப் பன்னிரண்டுதான் இருக்கின்றன. 1929ஆம் ஆண்டுப் பதிப்பு நூலகத்தில் இல்லை. முந்நூறு பிரதிகள் அச்சாகி, பெரும்பாலானவை ஊரின் பெருந்தீயில் போயினவாம். அன்று மதிப்புரை எழுதியவர் தவறாக எண்ணியிருக்கலாம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

நவம்பர் 11
151/92. சலவைக்காரரிடம் சட்டைகள் ஆறு.

நவம்பர் 18, செவ்வாய்
150/90. நானூற்று இரண்டு அட்டை. இன்று நானூற்று ஓர் அட்டைக்கு அடிக்கோல் விழுந்தது. ஒன்றுக்கு விழவில்லை. அந்த அட்டையை எடுத்தார், பார்த்தார், நேராக மடியில் வைத்துக்கொண்டார். அதுதான் முதலிடம். அனுப்பியவர் நிஷிஹாமா ஊரின் தெராவோ மிட்சு.

பனி விழும் மாலை
இரண்டு ஊர்களை இணைத்துவிட்டுக்
கையை எடுக்கிறேன்
இருவரும் பேசாமல் இருப்பதை
என் காது மட்டும் கேட்கிறது

"தொலைபேசி நிலையத்துல வேலை பார்த்தவங்க போல" என்றேன்.
"இருக்கும்" என்றார்.
கருத்துரையை எழுத வழக்கமாக ஐந்து நிமிடம் எடுப்பார். இன்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார்.

நவம்பர் 21, வெள்ளி
155/96. கவிதைப் பக்கத்தை மூடி அச்சுக்கு அனுப்பும் நாள். கருத்துரை இவ்வளவுதான்: "இது பழைய கவிதை. பனிக்கால மாலையில் வேலை முடிந்து கழற்றி வைத்த காதுக்கருவியின் சூடு இதில் இன்னும் ஆறவில்லை. எழுதியவர் இவரே."

மூன்று வரிக்கு மேல் போயிற்று. நான்காவது வரியில் கடைசி வாக்கியம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கவிதைக்கு மேலேயே பெயர் பெரிய எழுத்தில் அச்சாகிறது. எழுதியவர் இவரே என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை. வெட்டினேன். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். பக்கம் மூட ஏழு நிமிடம் இருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு
பக்கம் வந்தது. பிழை இல்லை. விடுமுறை வாரம், செவ்வாய்க் கட்டு இல்லை.

நவம்பர் 26, புதன்
158/97. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரிடமிருந்து கடிதம். அவரிடம் 1929ஆம் ஆண்டுப் பதிப்பு இருக்கிறது. எண்பத்தெட்டாம் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறார். ஞாயிறன்று முதலிடம் பெற்ற கவிதை அந்தப் பக்கத்தில், கனோ ஷிகேயின் பெயரில், ஒரு சொல் மாறாமல் இருக்கிறது.

கேள்விக்குறியை அடித்துவிட்டேன். இருநூற்றுப் பதிமூன்று சரி.

நவம்பர் 27, வியாழன்
163/99. பாபா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.
"யாரோ சென்செயோட கவிதையைத் திருடி சென்செய்க்கே அனுப்பியிருக்காங்க. அவங்களும் முதலிடம் குடுத்திருக்காங்க. அவங்க கவிதையே அவங்களுக்கு ஞாபகமில்ல, ஹிரோசேசான். நாம என்ன பண்றது?"
"அவங்க ஞாபகம் நல்லாத்தான் இருக்கு."
"எப்படிச் சொல்றீங்க?"
"தெரியும்."
அடிக்கோல் விழாத அந்த ஓர் அட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.

முடிவு: டிசம்பர் 7 இதழில் ரத்து அறிவிப்பு. இதுபோன்ற அறிவிப்பில் அனுப்பியவரின் பெயரையும் ஊரையும் போடுவது வழக்கம். திருட்டு என்று எழுதுவதில்லை, 'ஏற்கெனவே வெளியான படைப்பு' என்று எழுதுவோம். சின்ன ஊருக்கு அது போதும். சென்செய் உடல்நலம் காரணமாக டிசம்பரோடு விலகுவார். அதை அவரிடம் சொல்வது என் வேலை. அதற்கு முன் நிஷிஹாமாவுக்குப் போய் அந்தப் பெண்மணியிடம் வருத்தக் கடிதம் வாங்குவதும் என் வேலை.

நவம்பர் 29, சனி
காலை அளக்கவில்லை, ரயில் 6.40க்கு. நிஷிஹாமா வரை இரண்டு மணி நேரம். கடல் சாம்பல் நிறம்.

தெராவோ மிட்சுவுக்கு எண்பத்தொரு வயது. மகனின் முடிதிருத்தும் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். கடையின் பெரிய கண்ணாடியில் எங்கள் ஞாயிறு பக்கத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். முகச்சவரத்துக்குச் சாய்ந்திருந்த ஒரு மீனவர் நுரைக்குள்ளிருந்து, "பேப்பர் ஆளா? எங்க ஊர்ப் பாட்டி டோக்கியோ வரைக்கும் போயிடுவாங்க போல" என்றார். எங்கள் பத்திரிகை டோக்கியோவுக்குப் போவதில்லை. திருத்தவில்லை.

"பரிசு ஏதாச்சும் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார் மிட்சு.
"இல்லைங்க. ஒரு விஷயம் கேக்கணும். இந்த அட்டையை நீங்கதானே அனுப்பினீங்க?"
"இல்ல."
"அப்ப இந்தக் கவிதை?"
"அது என்னோடது."

முப்பது வருடம் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பொய் சொல்கிறவர் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார், இரண்டையும் அல்ல.

கேட்டதைச் சுருக்கி எழுதுகிறேன். மிட்சுவும் ஷிகேயும் தொலைபேசி நிலையத்தில் அடுத்தடுத்த நாற்காலி. அழைப்புச் சீட்டுகளின் பின்பக்கம் இருவரும் கவிதை எழுதி மாற்றிக்கொள்வார்கள். 1928இல் மிட்சுவுக்குக் கல்யாணமாகி நிஷிஹாமா வந்துவிட்டார். சீட்டுகள் ஷிகேயிடம் இருந்தன. மறு வருடம் ஷிகேயின் புத்தகம் தபாலில் வந்தது, உள்ளே மிட்சுவின் இந்தக் கவிதை. மதிப்புரைகள் அந்த ஒரு கவிதையைத்தான் எடுத்துப் போட்டன.

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?"
"கேட்டு? புருஷன் வீட்டுல அடுப்பு ஊதிக்கிட்டிருந்தேன். அதோட நான் எழுதுறதையும் விட்டுட்டேன்." அடுத்த துண்டை எடுத்தார். "வருஷா வருஷம் புத்தாண்டு அட்டை போடுவா. 'நலமா'ன்னு ஒரு வரி. நானும் 'நலம்'னு போடுவேன். அம்பத்தேழு அட்டை."

பிறகு அவரே சொன்னார்: "ஆனா கடைசி வரி என்னோடது இல்ல, தெரிஞ்சுக்குங்க. 'காதுக்கருவியைக் கழட்டி வைக்கிறேன்'னு முடிச்சிருந்தேன். லைன் குடுத்த பிறகு ஒட்டுக் கேக்கக் கூடாது, அதுதான் விதி. அவதான் கேட்டுக்கிட்டே இருப்பா. மேற்பார்வைக்காரிகிட்ட எத்தனை திட்டு வாங்கியிருக்கா தெரியுமா!" சிரித்தார். "'என் காது மட்டும் கேட்கிறது.' அதுதான் நல்லாருக்கு. எனக்கு அது வராது."

நான் எழும்போது கண்ணாடியைக் காட்டி, "எடுத்துடணுமா?" என்று கேட்டார். "பையன் ஒட்டினான். நான் வேணாம்னுதான் சொன்னேன்."
சொல்லிக்கொண்டே போய், அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த முடியை விரலால் தட்டிவிட்டார்.

வருத்தக் கடிதம் வாங்கவில்லை. மாலை 166/101.

டிசம்பர் 1, திங்கள்
வந்த அட்டைகளை மூன்று மாதம் பெட்டியில் வைத்திருப்போம். அந்த அட்டையைத் தேடி எடுத்தேன். படிவம் நிரப்புவது போன்ற சதுர எழுத்து. முத்திரை நிஷிஹாமாவுடையது அல்ல. நவம்பர் 14, மேட்டுத் தெரு அஞ்சல் நிலையம். அந்த நூற்றுப் பன்னிரண்டு படிகளின் அடியில் இருப்பது அது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். முத்திரையைப் பார்க்காத நிருபரை நான் வேலையில் வைத்திருக்க மாட்டேன்.

"செவ்வாய்க்கிழமைதானே வருவீங்க?" என்றார் சென்செய், மேட்டுத் தெரு வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும். அட்டையை மேசையில் வைத்தேன். அதைத் தொடவில்லை.
"கடைசி வாக்கியத்தை வெட்டினது யாரு?"
"நான்தான்."
"ஏன்?"
"இடமில்ல, சென்செய்."
"மத்த ரெண்டு வாக்கியத்தையும் வெட்டியிருக்கலாமே. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

அடுப்பின் மேல் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது.

"தெரியாம உங்க சீட்டோட கலந்துபோச்சா?"
"அப்படிச் சொல்லலாம். பலர் நம்புவாங்க. கலக்கல. நல்ல கவிதைன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். கடைசி வரியை மாத்தினதால என்னோடதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முழுத்தொகுதி வந்தப்ப அதை மட்டும் விட்டுட்டேன். விட்டா சரியாயிடும்னு நெனச்சேன். நீங்க வந்து இருநூத்திப் பதிமூணுன்னு போடுறேன்னீங்க."
"ஏன் நேராச் சொல்லல? எழுதியிருப்பேனே."
"என்னைப் பத்தி எழுதியிருப்பீங்க. நேர்மையான கவிஞர், எண்பத்து மூணு வயசுல உண்மையைச் சொன்னார்னு. அவ பேரு ஏழாவது வரியில வரும். அவ பேரு மேல வரணும், பெரிய எழுத்துல. அதுக்கு என் கையில இருந்தது இந்தப் பத்தி ஒண்ணுதான்."

வரும் ஞாயிறு என்ன அச்சாகப் போகிறது என்று சொன்னேன். யார் பெயர், எந்த ஊர். அவர் முகம் அப்போதுதான் மாறியது.
"அவளைத் திருடின்னா?"
"அந்தச் சொல் இருக்காது."
"அந்தச் சொல் எதுக்கு? அங்க கடை இருக்கு, பேரப் பிள்ளைங்க இருக்கு..." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "நிறுத்துங்க, ஹிரோசேசான்."

கடைசி வரியைப் பற்றி மிட்சு சொன்னதைச் சொன்னேன்.
"நல்லாருக்குன்னா சொன்னா?"
"எனக்கு அது வராதுன்னாங்க."
எழுந்து போய் அடுப்பின் திரியைத் திருகினார். அது சரியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. முதுகைக் காட்டியபடி வெகு நேரம் திருகினார்.

171/102.

டிசம்பர் 3, புதன்
168/100. பாபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.
"சென்செய் மறந்துட்டாங்கன்னு விட்டுட்டா எல்லாருக்கும் நல்லது. அந்தம்மா பேரை வேணா எடுத்துடறேன். வெறும் ரத்து."
"ஊர்ல ஏற்கெனவே எல்லாரும் பார்த்துட்டாங்க. கடைக் கண்ணாடியில ஒட்டியிருக்கு. ரத்துன்னா அவங்களைத்தான் சொல்லும்."
"அப்ப நம்ம பத்திரிகையே வாக்கியத்தை வெட்டிடுச்சுன்னு எழுதணுமா? கேக்காம வெட்டினோம்னு?"
"நான் வெட்டினேன். ரத்து வேண்டாம். வெட்டினதைத் திரும்பப் போடுறோம். அது திருத்தம். திருத்தத்துக்கு எப்பவும் இடம் உண்டு."
பாபா பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். "கவிதை யாரையும் கொல்லாதுன்னு நான் சொன்னேன், இல்ல?"
"சொன்னீங்க."
"எழுதிக் குடுங்க. சென்செய் கையெழுத்து போட்டா ஓடட்டும்."

டிசம்பர் 5, வெள்ளி
160/97. வரைவைச் சென்செய் படித்தார். "அவ பேரு கடைசியில இருக்கு" என்று திருப்பித் தந்தார். முதலில் மாற்றினேன். கையெழுத்துப் போட்டார். விலகல் கடிதமும் தந்தார். உடல்நலம் என்று எழுதவில்லை. காரணமே எழுதவில்லை.

பக்கம் மூட நாற்பது நிமிடம் இருக்கும்போது கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு
அச்சானபடி:

"திருத்தம்: நிஷிஹாமா ஊரின் தெராவோ மிட்சுவின் கவிதைக்கு நவம்பர் 23 அன்று வெளியான கருத்துரையில் 'எழுதியவர் இவரே' என்ற கடைசி வாக்கியத்தை ஆசிரியர் குழு தவறாக நீக்கிவிட்டது. இக்கவிதை 1929இல் கனோ ஷிகேயின் நூலில் அவர் பெயரில் வந்தது. அது அவருடையது அல்ல."

பாபாவின் மேசையில் நாள் முழுதும் தொலைபேசி அடித்தது. இரண்டு கவிதை அமைப்புகள் சென்செயின் பெயரைக் கௌரவத் தலைவர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. நிஷிஹாமாவிலிருந்து அழைப்பு எதுவும் இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்
154/95. கட்டு எடுத்துப் போக வேண்டியதில்லை. மதியம் சும்மா இருந்ததால் 1979ஆம் ஆண்டின் பழைய இதழ்த் தொகுதிகளை இறக்கிப் பார்த்தேன். ஜூன் 17. எட்டாவது இடம், ஹிரோசே ஃபுமி.

சிறை வாசலில் நின்று
எழுதுகிற மனிதர்
வீட்டில் பேசுவதில்லை
சட்டையைத் தோய்க்கும்போது அறிகிறேன்
இன்று எங்கே மழை என்று

அதே இதழின் மூன்றாம் பக்கத்தில் என் செய்தி இருக்கிறது. அன்று அந்த இதழை வீட்டில் வைத்துப் படித்தேன். மூன்றாம் பக்கத்தை.

டிசம்பர் 16, செவ்வாய்
காலை 146/90. கட்டு இல்லாமலே மேட்டுத் தெருவுக்குப் போனேன். இரங்கல் குறிப்பில் சரிபார்க்க வேண்டியவை இருந்தன.

சென்செய் மேசையில் ஒரு பொதியைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிஷிஹாமாவிலிருந்து வந்திருந்தது. கடிதம் இல்லை. உள்ளே உலர்ந்த கணவாய் பத்து, செய்தித்தாளில் சுற்றி. டிசம்பர் 7 கவிதைப் பக்கம். திருத்தம் வந்த மூலையில் எண்ணெய் பட்டிருந்தது.

"கருவாடு சுத்த அவளுக்கு வேற பேப்பரா கிடைக்கல?" என்றார். என்னைப் பார்த்தார். "என்ன சொல்றா இவ? மன்னிச்சுட்டேன்னா, இல்ல நீயும் உன் பேப்பரும்னா?"
"கேட்டுப் பாக்கலாமே, சென்செய். தொலைபேசி இருக்கு."
"நான் லைன் குடுக்கிற ஆளு. பேசுற ஆளு இல்ல."
தாளை மடியில் வைத்து, உள்ளங்கையால் நீவி, நான்காக மடித்தார். ஒரு கணவாயை அடுப்பில் வாட்டினார். பாதியை எனக்குத் தந்தார். உப்பு எனக்கு ஆகாது. சாப்பிட்டேன்.

அலுவலகம் வந்து இரங்கல் குறிப்பை எடுத்தேன். 'முதல் தொகுப்பு, 213 கவிதைகள்' என்றிருந்ததை அடித்துவிட்டு '212 கவிதைகளும் ஒரு வரியும்' என்று எழுதினேன். அது அச்சாகும் நாளில் இந்த மேசையில் நான் இருக்க மாட்டேன். உட்காருகிறவர் இடமில்லை என்று கடைசி இரண்டு சொல்லை வெட்டுவார்.

ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்: வெட்ட வேண்டாம்.